எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் புகைப்படங்களுக்குக் காப்புப் பிரதி எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கணினியில் இடம் போதாமல் போனதும் படங்களையெல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுக் கணினியில் இருப்பவற்றை அழித்துவிடுவது பெரும்பாலோர் செய்யும் வேலை. அதன் பிறகு அந்த டிஸ்க்கை மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்துவிட்டு, ‘பேக்கப் எடுத்தாயிற்று’ என்ற நினைப்பில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறோம். உண்மையில், கணினியில் அழித்த அந்தக் கணமே டிஸ்க்கில் இருப்பது காப்புப் பிரதி என்ற நிலையை இழந்து, எங்குமே வேறு நகல் இல்லாத ஒரே பிரதியாகிவிடுகிறது. அந்த ஒரே பிரதியிலிருந்து நம்பத்தக்க நகல்களை எப்படி எடுப்பது, எடுத்தவை சரியாக இருக்கின்றனவா என்று எப்படி உறுதி செய்துகொள்வது என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது.

இது எனக்கு உறைத்தது ஒரு டிஸ்க் கீழே விழுந்தபோதுதான். ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கின் கேபிள் நாற்காலியில் சிக்கி, டிஸ்க் மேசையிலிருந்து தரையில் விழுந்தது. மறுபடி இணைத்தபோது சீரான இடைவெளியில் டக், டக் என்ற சத்தம் மட்டும்தான் கேட்டது. சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும் படிப்பு முனை, அதிர்ச்சியில் தட்டைத் தொட்டுவிட்டால் நடப்பது இதுதான். மீட்டெடுத்த கோப்புகளுக்குப் பெயரும் இல்லை, எந்தக் கோப்புறையில் இருந்தவை என்ற விவரமும் இல்லை; பல படங்கள் மேல் பாதி தெளிவாகவும் கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறமாகவும் திரும்பி வந்தன. நெற்றி வரை தெரிந்து, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போன என் பாட்டியின் படம் ஒன்றை இன்னமும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

முதல் படி: மூல டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள்

நகல் எடுக்கத் தொடங்கும் முன், படங்கள் இருக்கும் டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், நல்ல டிஸ்க்குக்கும் சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்க்குக்கும் செய்ய வேண்டிய வேலைகள் வேறு வேறு. ஹார்ட் டிஸ்க்குகள் தம் நிலையைத் தாமே பதிவு செய்துகொள்ளும் ஸ்மார்ட் என்ற ஏற்பாட்டைக் கொண்டவை. விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஜிஸ்மார்ட்கண்ட்ரோல் போன்ற இலவச மென்பொருள்கள் அந்தப் பதிவைப் படித்துக் காட்டும். அதில் கவனிக்க வேண்டியவை முக்கியமாக இரண்டு: கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை, படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. பூஜ்யத்தைத் தாண்டி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை இனி நம்பக் கூடாது. சில யுஎஸ்பி உறைகள் இந்தத் தகவலைக் கணினிக்குக் கடத்துவதில்லை. அப்படிப்பட்ட டிஸ்க்குகளில், கோப்புறை திறக்க வழக்கத்தைவிட நேரமாவது, நகலெடுக்கும்போது ஒரே இடத்தில் நின்றுவிடுவது, தானாகத் துண்டித்துக்கொண்டு மறுபடி இணைவது ஆகியவற்றையே அறிகுறிகளாகக் கொள்ள வேண்டும்.

அறிகுறி தெரிந்தால், கெட்ட இடங்களைச் சரிசெய்யும் கருவி எதையும் அந்த டிஸ்க்கின் மீது ஓட்டாதீர்கள். அவை டிஸ்க்கை முழுவதுமாக அலசி, அதன் கடைசி மூச்சை நகலெடுக்காமலேயே தீர்த்துவிடக்கூடும். மிக அருமையான கோப்புறைகளை முதலில் நகலெடுங்கள். தொழில்நுட்பப் பழக்கம் உள்ளவர்கள் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற கருவியைப் பயன்படுத்தலாம். எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதல் சுற்றில் எடுத்துக்கொண்டு, சிரமமான பகுதிகளைப் பிறகு பார்த்துக்கொள்வது அதன் வழக்கம். டக், டக் என்ற சத்தம் வந்தாலோ உடனே மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தரவு மீட்பு நிபுணர்களிடம் கொடுப்பதுதான் ஒரே வழி. அந்தச் சத்தத்தோடு டிஸ்க் சுழலும் ஒவ்வொரு நிமிடமும் தட்டின் மேற்பரப்பு சுரண்டப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

இங்கேயே இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். காப்புப் பிரதி எடுக்கலாம் என்று உட்காரும் பலர், ‘எடுப்பதுதான் எடுக்கிறோம், ஒழுங்குபடுத்திவிட்டு எடுப்போம்’ என்று இரட்டிப்பான படங்களை அழிக்கவும் கோப்புறைகளை மாற்றி அடுக்கவும் தொடங்கிவிடுகிறார்கள். இருக்கும் ஒரே பிரதியின் மீது நடக்கும் அறுவைச் சிகிச்சை அது. முதல் நகல், இருக்கும் குப்பையோடு, இருக்கிறபடியே எடுக்கப்பட வேண்டும். ஒழுங்குபடுத்தும் வேலையை அதற்குப் பிறகு எத்தனை மாதம் வேண்டுமானாலும் செய்யலாம்.

இரண்டாம் படி: எவையெல்லாம் சேர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

படக் கோப்புகள் மட்டுமே தொகுப்பு ஆகிவிடுவதில்லை. லைட்ரூம் போன்ற மென்பொருளில் படங்களைத் திருத்துபவர்களுக்கு, செய்த திருத்தங்களும் சேர்த்த குறிச்சொற்களும் கேட்டலாக் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பு பெரும்பாலும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இல்லாமல் கணினியின் உள்ளேயே இருக்கும். கேமராவின் பதப்படுத்தாத மூலப் பதிவுகளான ரா கோப்புகளின் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற பின்னொட்டோடு கிடக்கும் சிறு கோப்புகளும் அப்படித்தான்: பார்க்கத் தேவையற்றவை போலத் தோன்றினாலும் திருத்தங்கள் அவற்றில்தான் உள்ளன. ஆப்பிள் ஃபோட்டோஸ் பயன்படுத்துபவர்கள், மூலப் படங்களை ஐகிளவுடில் வைத்துக்கொண்டு கணினியில் சிறிய வடிவத்தை மட்டும் வைக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இயங்கினால், நூலகத்தை அப்படியே நகலெடுத்தாலும் பல படங்களின் முழு வடிவம் அதில் இருக்காது. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பிப் பெற்ற படத்தை மூலத்துக்கு ஈடாகக் கருத முடியாது. அது சுருக்கப்பட்டது, எடுத்த நாள், இடம் ஆகிய எக்ஸிஃப் விவரங்களை இழந்தது.

மூன்றாம் படி: எத்தனை நகல், எங்கெங்கே

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 விதி இதற்குப் போதுமானது. மூலத்தையும் சேர்த்து 3 பிரதிகள். அவை 2 வேறு வகையான சேமிப்பில். அவற்றில் 1 வேறொரு இடத்தில். ஒவ்வோர் எண்ணும் ஒவ்வொரு வகை இழப்பைத் தடுக்க வந்தது. டிஸ்க் பழுதானால் இரண்டாவது பிரதி உதவும். ஒரே மாதிரியான டிஸ்க்குகள் ஒரே குறையால் அடுத்தடுத்துப் பழுதானால் வேறு வகைச் சேமிப்பு உதவும். தீயோ வெள்ளமோ திருட்டோ வந்தால் வீட்டுக்கு வெளியே இருப்பது மட்டுமே மிஞ்சும்.

இந்தக் கணக்கில் சேராதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரே டிஸ்க்கில் இரண்டு கோப்புறைகளாக வைப்பது இரண்டு பிரதி ஆகாது. பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டு அமைப்பு, ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காமல் ஓடுவதற்காக ஏற்பட்டது. அதில் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அந்தக் கணமே எல்லா டிஸ்க்கிலும் அழிந்துவிடும். ஒத்திசைக்கும் கிளவுட் கோப்புறைகளிலும் இதே நிலைதான். குப்பைத் தொட்டியில் சில வாரங்கள் தங்கும் என்பது மட்டுமே ஆறுதல்.

நான்காம் படி: நகலுக்கான டிஸ்க்கைத் தயார் செய்தல்

இப்போது உள்ள படங்களின் மொத்த அளவைப் போல் இரண்டு மடங்கு கொள்ளளவு இருந்தால் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை. 1 டிபி என்று விற்கப்படும் டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டுவதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது. மூல டிஸ்க்கும் நகல் டிஸ்க்கும் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரியாக இல்லாமல் இருப்பது நல்லது. சுழலும் தட்டுக்குப் பதில் மின்னணுச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் மின்சாரமே இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால் அதன் செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசிந்து தரவு கெட வாய்ப்பு உண்டு. ஆகவே, அலமாரியில் கிடக்கப்போகும் பிரதிக்குச் சுழலும் ஹார்ட் டிஸ்க்கையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஃபார்மட் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. விண்டோஸில் மட்டும் பயன்படுத்தினால் என்டிஎஃப்எஸ், மேக்கில் மட்டும் என்றால் ஆப்பிளின் சொந்த வடிவம், இரண்டிலும் என்றால் எக்ஸ்ஃபேட். எக்ஸ்ஃபேட்டில் மாற்றங்களை முன்கூட்டிப் பதிவு செய்துகொள்ளும் ஜர்னல் வசதி இல்லாததால், முறையாக வெளியேற்றாமல் கேபிளைப் பிடுங்கினால் கெடும் அபாயம் அதில் கூடுதல். ஃபேட்32 வேண்டவே வேண்டாம். 4 ஜிபியை எட்டும் எந்தக் கோப்பையும் அது ஏற்காது, நீளமான வீடியோக்கள் வெளியே நின்றுவிடும். புதிய டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் முன் மூல டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். இரண்டும் இணைந்திருக்கும்போது தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் செய்து தொகுப்பை இழந்தவர்கள் உண்டு.

டிஸ்க்கைப் பிறர் திறக்க முடியாதபடி குறியாக்கம் செய்ய விரும்பினால் அதையும் இப்போதே செய்யுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்றைத் தரும். அதைத் தாளில் அச்சிட்டு, டிஸ்க் இருக்கும் இடத்தில் அல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். கடவுச்சொல்லும் மீட்புச் சாவியும் தொலைந்துவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க்கிலிருந்தும் ஒரு படத்தைக்கூட எடுக்க முடியாது.

ஐந்தாம் படி: நகலெடுத்தல்

இரண்டு டிஸ்க்குகளுக்கும் குழப்பம் வராத பெயர்களை வையுங்கள்: ஒன்றுக்கு ‘படங்கள் மூலம்’, மற்றதற்கு ‘படங்கள் நகல் 1’. அதே பெயரை ஒட்டுத்தாளில் எழுதி உறையின் மீதும் ஒட்டுங்கள். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. நகலெடுப்பதில் நேரும் மிகக் கொடிய தவறு திசை மாறிப்போவதுதான். மூலம் எது, நகல் எது என்பது மாறி, காலி டிஸ்க்கை மூலமாக வைத்து, நகலை மூலத்தைப் போலவே ஆக்கும் ‘மிரர்’ கட்டளையைக் கொடுத்தால், படங்கள் உள்ள டிஸ்க்கும் காலியாகிவிடும்.

வெட்டி ஒட்டும் முறையைத் தவிர்த்து, எப்போதும் நகலெடுத்து ஒட்டும் முறையையே பயன்படுத்துங்கள். சில ஆயிரம் கோப்புகள் என்றால் இழுத்துப் போடுவதே போதும். பல்லாயிரம் கோப்புகள் என்றால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய கருவி வேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் ஃப்ரீஃபைல்சிங்கை நான் பரிந்துரைப்பேன். எது எங்கே போகப்போகிறது என்பதை வேலை தொடங்கும் முன்பே பட்டியலாகக் காட்டுவது அதன் பெரிய பலம். விண்டோஸுடன் வரும் ரோபோகாப்பியும், மேக், லினக்ஸ் பயனர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஆர்சிங்கும் கட்டளை வரியில் பழகியவர்களுக்கு ஏற்றவை. ஆர்சிங்கில் ஒத்திகை முறையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு உண்மையான கட்டளையைக் கொடுப்பது நல்ல பழக்கம்.

‘மிரர்’, ‘அப்டேட்’ என்ற இரண்டு முறைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். மிரர் என்பது நகலை மூலத்தைப் போலவே ஆக்குவது. மூலத்தில் இல்லாதது நகலிலும் இருக்காது. அப்டேட் என்பது புதியவற்றையும் மாறியவற்றையும் சேர்க்கும், எதையும் அழிக்காது. போன மாதம் தெரியாமல் அழித்துவிட்ட கோப்புறையை நகலில் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அப்டேட் முறையில் அது இருக்கும், மிரர் முறையில் இருக்காது. புகைப்படத் தொகுப்புக்கு அப்டேட் முறையே பொருத்தம். மிரர்தான் வேண்டும் என்றால், அழிக்கப்படும் கோப்புகளைத் தேதியிட்ட தனிக் கோப்புறைக்கு நகர்த்தும் வசதியையும் சேர்த்து இயக்குங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபியை நகலெடுக்கக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும். பழைய யுஎஸ்பி 2.0 இணைப்பில் வேகம் நொடிக்கு 30 எம்பி அளவில்தான் இருக்கும் என்பதால் அதே வேலை ஒன்பது மணி நேரத்தைத் தாண்டும். சிறு கோப்புகள் நிறைய இருந்தால் இதைவிடவும் மெதுவாகும். கணினி உறக்க நிலைக்குப் போகாதபடி அமைத்துவிட்டு, இரண்டு டிஸ்க்குகளையும் யாரும் தட்டிவிடாத இடத்தில் தட்டையாக வைத்துவிட்டு, வேலை முடியும்வரை அவற்றைத் தொடாமல் விடுங்கள்.

தமிழில் கோப்புறைப் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. ‘தோட்டம்’ என்பதில் உள்ள ‘தோ’ என்ற எழுத்தில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய மேக் டிஸ்க் வடிவமான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும், விண்டோஸ் தட்டச்சு செய்தபடியே வைத்துக்கொள்ளும். இதனால், இரண்டுக்கும் இடையே நகலெடுக்கும்போது ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் தோன்றுவதுபோல் தெரியலாம். அப்படிக் கண்டால் ஒன்றை அவசரப்பட்டு அழிக்காமல், இரண்டிலும் என்னென்ன இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆறாம் படி: சரிபார்த்தல்

பலரும் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான். நகலெடுத்து முடிந்ததாகத் திரையில் தோன்றும் செய்தி, எழுதும்படி அனுப்பப்பட்டதை மட்டுமே சொல்கிறது. தட்டில் எழுதப்பட்டது திரும்பப் படிக்கக்கூடியதாக இருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை.

முதலில் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த பைட்டுகளையும் ஒப்பிடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் எது விடுபட்டது என்று தேடுங்கள். விண்டோஸ் ஏற்காத முக்காற்புள்ளி, கேள்விக்குறி போன்றவை பெயரில் இருப்பதோ, கோப்புறைக்குள் கோப்புறையாகப் பாதை மிக நீண்டுவிட்டதோ காரணமாக இருக்கலாம். அடுத்து உள்ளடக்கத்தை ஒப்பிட வேண்டும். இதற்குப் பயன்படுவது செக்சம்: ஒரு கோப்பின் எல்லா பைட்டுகளையும் படித்துக் கணக்கிடப்படும் கைரேகை போன்றது. எஸ்எச்ஏ-256 முறையில் அது 64 எழுத்து நீளமுள்ள ஒரு சரம்; படத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்தச் சரம் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். ஃப்ரீஃபைல்சிங்கில் கோப்பின் உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடும் முறை உண்டு. ஆர்சிங்கில் செக்சம் ஒப்பீட்டுக்குத் தனி விருப்பம் உண்டு, அதைக் கொடுக்காவிட்டால் அளவையும் தேதியையும் மட்டுமே பார்த்துவிட்டுக் கடந்துவிடும். விண்டோஸில் டெராகாப்பி நகலெடுத்த கையோடு சரிபார்த்துச் சொல்லும்.

சரிபார்க்கும் முன், நகல் டிஸ்க்கை முறையாக வெளியேற்றி, கேபிளைக் கழற்றி, மறுபடி இணைத்துக்கொள்ளுங்கள். அண்மையில் எழுதிய கோப்புகளைக் கணினி தன் நினைவகத்தில் வைத்திருக்கும்; உடனே ஒப்பிட்டால் டிஸ்க்கில் இருப்பதைப் படிக்காமல் நினைவகத்தில் இருப்பதையே படித்து ‘சரி’ என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

கடைசியாக, கண்ணால் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஐந்தாறு படங்களும் இரண்டு வீடியோக்களும் என்று எடுத்து, சிறு படத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல், முழு அளவில் திறந்து கீழ் விளிம்பு வரை பாருங்கள். சிறு படம் பல கோப்புகளில் தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். உள்ளே படம் பாதியில் அறுந்திருந்தாலும் அது முழுதாகத் தெரியும். என் பாட்டியின் படமும் சிறு வடிவில் முழு முகத்தோடுதான் தெரிந்தது.

ஏழாம் படி: வெளியிடத்தில் ஒரு பிரதி

இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து, நம்பிக்கையான உறவினர் வீட்டிலோ அலுவலக இழுப்பறையிலோ வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை வீட்டில் இருப்பதோடு மாற்றிக்கொள்வது. இரண்டாவது கிளவுட். கிளவுடில் ஏற்றும் முன் பதிவேற்ற வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: நொடிக்கு 20 மெகாபிட் என்றால் 1 டிபி ஏற நாலரை நாளுக்கு மேல் இரவும் பகலும் ஆகும். கூகுள் ஃபோட்டோஸில், இடம் சேமிக்கும் தரத்தைத் தேர்ந்தெடுத்தால் படங்கள் சுருக்கப்படும், 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவை அந்த அளவுக்குக் குறைக்கப்படும். ஆகவே மூலத் தரத்தையே தேர்ந்தெடுங்கள். கணினியை முழுதாகக் காக்கும் சேவைகளில் சில, எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒருமுறையாவது இணைக்காவிட்டால் அது அகற்றப்பட்டதாகக் கொண்டு அதன் பிரதியை அழித்துவிடும். மேக்கின் டைம் மெஷினும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளைத் தானாகச் சேர்ப்பதில்லை. விலக்குப் பட்டியலிலிருந்து நீங்கள்தான் நீக்க வேண்டும். எந்தச் சேவையானாலும், உள்நுழையும்போது கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவிடுங்கள்.

எட்டாம் படி: தொடர்ந்து செய்ய வேண்டியவை

புதிய படங்களைக் கேமராவிலிருந்தோ கைபேசியிலிருந்தோ மாற்றிய அன்றே நகல் டிஸ்க்கையும் இணைத்து அப்டேட் செய்துவிடுங்கள். இரண்டு இடங்களுக்கும் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகே மெமரி கார்டைக் காலி செய்யுங்கள். வேலை முடிந்ததும் நகல் டிஸ்க்கைக் கழற்றி வைக்க வேண்டும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்கினால், அந்த நேரத்தில் கணினியோடு இணைந்திருக்கும் எல்லா டிஸ்க்கையும் அது பூட்டிவிடும். அலமாரியில் இருப்பதை அதனால் தொட முடியாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லா டிஸ்க்குகளையும் இணைத்து, செக்சம் ஒப்பீட்டை முழுமையாக ஓட்டுங்கள். மார்ச் 31 உலக பேக்கப் நாள் என்பதால் நான் அந்த நாளை வைத்துக்கொள்கிறேன். ஒப்பீட்டில் வேறுபாடு தெரிந்தால் புதியது என்ற காரணத்துக்காக எதையும் எதன் மீதும் எழுதிவிடாதீர்கள். இரண்டையும் திறந்து பார்த்து, நல்லதைத் தெரிந்துகொண்டு, கெட்டதை மாற்றுங்கள்.

அதே நாளில் மீட்பு ஒத்திகை ஒன்றையும் நடத்துங்கள். நகல் டிஸ்க்கை இதுவரை அது இணைந்திராத வேறொரு கணினியில் இணைத்து, ஏதேனும் ஓர் ஆண்டின் கோப்புறையை அதில் மீட்டெடுத்து, படங்கள் திறக்கின்றனவா, கேட்டலாக் கோப்பு படங்களைக் கண்டுபிடிக்கிறதா, குறியாக்கத்தின் கடவுச்சொல் சரியாக நினைவிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒத்திகையை உங்களுக்குப் பதில் வீட்டில் வேறொருவரைச் செய்யச் சொல்லி, அருகில் உட்கார்ந்து பேசாமல் பாருங்கள். எந்த டிஸ்க் எங்கே இருக்கிறது, சாவி எங்கே இருக்கிறது, எந்தக் கோப்புறையில் தொடங்க வேண்டும் என்று அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அதற்கான பதிலையும் ஒரு தாளில் எழுதி, டிஸ்க்கைப் பற்றியவற்றை டிஸ்க் பெட்டியிலும், சாவியைப் பற்றியதை வேறிடத்திலும் வையுங்கள்.